சங்கடத்துக்கு எத்தனை மார்க்?

1) கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க மக்களே. 30 வயசு தாண்டினவங்க வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒரு படிவத்தோட வந்திருப்பாங்க. புகைப்பழக்கம் உண்டா, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, குடும்பத்துல சுகர், பிரஷர் உண்டான்னு கேட்டுட்டு, கடைசியில மனசைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்பாங்க. அந்த ரெண்டு கேள்வியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2) தொற்றா நோய்த் திட்டத்துல பயன்படுற சிபிஏசி படிவம் அது. கேள்விகள் பிறந்தது அமெரிக்காவுல. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் ஃபைசர் நிறுவன நிதியில 1990-களின் கடைசியில உருவாக்கின பிஹெச்கியூ-9. மொத்தம் 9 கேள்விகள். ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. பொதுவா 10-ஐத் தொட்டா டாக்டர் உட்கார்ந்து விரிவா பேசணும். முதல் ரெண்டு கேள்வி மட்டும் தனியா வந்தா அது பிஹெச்கியூ-2. யார் வேணும்னாலும் இலவசமா பயன்படுத்தலாம். நல்ல கருவி, நானும் பயன்படுத்துறேன்.

3) பிரஷர் கருவிக்கு மொழி கிடையாது. நாகர்கோவில்ல கட்டினாலும் நியூயார்க்ல கட்டினாலும் 140, 140-தான். கேள்வித்தாளுக்கு வார்த்தைதான் கருவி. வார்த்தை பிசகினா ரீடிங் பிசகும். பிசகினதுன்னு காட்டிக்கொடுக்கவும் ஆள் இல்ல. 0-ன்னு எழுதிட்டா எல்லா 0-வும் பேப்பர்ல ஒண்ணு போலத்தான் இருக்கும்.

4) இப்போ எங்க ஊருக்கு வாங்க. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதுவரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. இங்க பேசுறது மலையாளத்தோட உரசி வளர்ந்த தமிழ். "சங்கடமா இருக்கு"ன்னு சென்னையில சொன்னா ஏதோ அசௌகரியம்னு அர்த்தம். இங்க சொன்னா துக்கம். "சடவா இருக்கு"ன்னா உடம்பு ஓய்ஞ்சு போச்சு. "வெப்ராளமா வருது"ன்னா உள்ளுக்குள்ள பதறிக்கிட்டே இருக்கு. இந்த மூணும் எந்தப் படிவத்துலயும் கிடையாது.

5) 50 வயசு தாண்டின ஒரு அம்மா ஓபிக்கு வந்தாங்க. மூணு மாசமா கைகால் உளைச்சல், தலை கிறக்கம், சடவு. ரத்தம், தைராய்டு, இசிஜி எல்லாம் நார்மல். பயிற்சி மருத்துவர் கேள்வித்தாளை எடுத்து, "மனச்சோர்வு, நம்பிக்கையின்மை இருக்காம்மா?"ன்னு கேட்டார். "எனக்கு நம்பிக்கை உண்டு மக்ளே, வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்"னு பதில் வந்துச்சு. மார்க் 0.

6) கேட்டவர் மேல குத்தம் இல்ல, சொன்னவங்க மேலயும் இல்ல. படிவம் கேட்டது எதிர்காலத்து மேல இருக்கிற நம்பிக்கையை. அம்மா காதுல விழுந்தது கடவுள் நம்பிக்கை. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே! பக்கத்துல உட்கார்ந்து "மனசுக்குச் சங்கடம் ஏதாவது உண்டாம்மா?"ன்னு கேட்டேன். முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் பேசினாங்க.

7) "மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க முறை இருக்கே டாக்டர்"னு கேட்பீங்க. இருக்கு. ஒருத்தர் தமிழ்ல எழுதுவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷ்ல எழுதுவார். ரெண்டும் ஒத்துப்போனா பாஸ். இதுல ஒரு சிக்கல். "மனச்சோர்வு" திரும்ப அச்சு அசலா டிப்ரஷன்னு வந்துடும், ஃபுல் மார்க். "சங்கடம்"னு எழுதினா திரும்பும்போது அசௌகரியம்னு வரும், ஃபெயில். அதனால இந்தச் சோதனையில ஜெயிக்கிறது பெரும்பாலும் படிச்சவங்க தமிழ். கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவங்களோ சந்தையிலயும் கடற்கரையிலயும் இருக்காங்க.

8) வார்த்தை மட்டுமில்ல, வாழ்க்கையும் இடிக்கும். கவனம் சிதறுதான்னு கேட்க மூலக் கேள்வி தர்ற உதாரணம் நியூஸ்பேப்பர் வாசிக்கிறதும் டிவி பார்க்கிறதும். எழுத்துக்கூட்டத் தெரியாத, டிவி முன்னால உட்காரவே நேரமில்லாத மீன்கார அக்கா என்ன சொல்வாங்க? ரப்பர் பால் வெட்டப் போறவர் விடியுறதுக்கு முன்னாலயே எழும்பணும். அவர்கிட்ட தூக்கத்தைப் பத்திக் கேட்டா வேலையைச் சொல்றாரா, நோயைச் சொல்றாரான்னு பிரிச்சுப் பார்க்கணும்.

9) இதையெல்லாம் யோசிச்சவங்க நம்ம ஊர்லயே உண்டு. சென்னையில டாக்டர் மோகன் குழுவினரோட க்யூர்ஸ் ஆய்வுல 9 கேள்வியை 12-ஆ மாத்தி அமைச்சு, அது வேலை செய்யுதான்னு சோதிச்சாங்க. 25,000-க்கும் மேற்பட்டவங்ககிட்ட கேட்டதுல 100-க்கு 15 பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்துச்சு. முடிவுகள் 2009-ல வெளியாச்சு.

10) பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வுக்கு எடின்பரோ அளவுகோல்னு ஒண்ணு, 1987-ல ஸ்காட்லாந்துல வந்தது. வேலையும் கவலையும் சமாளிக்க முடியாம அமுக்குதுங்கிறதை அதுல ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடரா கேட்டிருப்பாங்க. வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல போட்டா "எல்லாம் என் மேல ஏறுது"ன்னு வரும். நம்ம ஊர்ல மேல ஏறினா அது சாமியா பேயான்னுதான் கேட்பாங்க! வேலூர் சிஎம்சி குழு இந்த அளவுகோலோட தமிழ் வடிவத்தை நம்ம தாய்மார்கள்கிட்ட சோதிச்சு 2005-ல வெளியிட்டாங்க. எந்த மார்க்குக்கு மேல கவலைப்படணுங்கிறதையும் புதுசா கணக்குப் போட்டாங்க. மொழி மாறினா கட்-ஆஃபும் மாறலாம்.

11) ஜிம்பாப்வேல இன்னும் ஒரு படி மேல போனாங்க. 1990-கள்ல விக்ரம் படேலும் அங்குள்ள மருத்துவர்களும் ஷோனா மொழிக்காரங்க மன வேதனையை எப்படிச் சொல்றாங்கன்னு முதல்ல கேட்டாங்க. "குஃபுங்கிசிசா"ன்னு ஒரு வார்த்தை கிடைச்சுது. அளவுக்கு மீறி யோசிச்சுக்கிட்டே இருக்கிறதுன்னு அர்த்தம். அங்கிருந்து 14 கேள்வி கொண்ட அளவுகோலைக் கட்டினாங்க. பாட்டிமார்கள் மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்து ஆறுதல் சொல்ற "நட்பு பெஞ்சு" திட்டம் இன்னிக்கு அதைத்தான் பயன்படுத்துது.

12) அப்போ ஆளாளுக்கு இஷ்டம்போல கேள்வியை மாத்திக்கலாமா? கூடாது. தக்கலையில ஒரு மாதிரி, தோவாளையில ஒரு மாதிரி கேட்டா மார்க்கை ஒப்பிடவே முடியாது. கேள்வியைப் போட்டதும் பத்துப் பேர்கிட்ட "இதுல என்ன கேட்டிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேட்டுப் பார்க்கணும். அவங்க சொல்ற வார்த்தைகளை வெச்சுத் திருத்தி, டாக்டர் நேர்ல பேசிக் கண்டுபிடிச்சதோட மார்க்கை ஒத்துப் பார்க்கணும். மெதுவான வேலைதான், ஆனா செய்ய முடிஞ்ச வேலை.

13) எனக்கு ரொம்ப பயம் 9-வது கேள்விதான். செத்துட்டா நல்லதுன்னு தோணுதா, உங்களையே காயப்படுத்திக்கத் தோணுதான்னு ரெண்டையும் சேர்த்துக் கேட்கும். எங்க ஊர்ல 80 வயசுப் பாட்டி "சட்டுனு மேல போனா கொள்ளாம் மக்ளே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அது வெறும் வயசானவங்க பேச்சாவும் இருக்கலாம், உண்மையான ஆபத்தாவும் இருக்கலாம். மார்க்கை வெச்சு முடிவு பண்ண முடியாது. "அதுக்கு ஏதாவது வழி யோசிச்சீங்களா பாட்டி?"ன்னு அடுத்த கேள்வி கேட்டே ஆகணும்.

14) கூச்சப்பட்டு இந்தக் கேள்வியைப் பூசி மெழுகுறவங்க உண்டு. கேட்டா நாமளே எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயம். ஆய்வுகள்ல அப்படித் தெரியவரல. கேட்கிறதால அந்த எண்ணம் கூடுறதில்ல. கேட்காம விட்டா, சொல்ல நினைச்சவங்களுக்கும் சொல்ல இடமில்லாம போகும்.

15) உங்களால செய்ய முடிஞ்சது: கேள்வி புரியலன்னா "புரியல, வேற மாதிரி கேளுங்க"ன்னு தைரியமா சொல்லுங்க. சும்மா "இல்ல"ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. வீட்டுப் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து அவங்க பேச்சுல எடுத்துச் சொல்லுங்க. ஆனா அவங்க பதிலை நீங்க சொல்லாதீங்க. மருமகள் முன்னால மாமியாரும், மாமியார் முன்னால மருமகளும் மனசு திறக்க மாட்டாங்க, கொஞ்சம் தனியா விடுங்க. மார்க் 0-ன்னாலும் மனசுக்குச் சரியில்லன்னா வாங்க. மார்க் கூடினாலும் பயப்படாதீங்க. அது நோய் முத்திரை இல்ல, பேச வேண்டிய நேரம்னு ஒரு அடையாளம்.

16) உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ மனசு ரொம்ப சரியில்லன்னா டெலிமானஸ் 14416, இல்லன்னா 104. எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழ்ல பேசலாம். உங்க ஊர்ல மனசு சரியில்லாததுக்கு என்ன வார்த்தை சொல்வீங்கன்னு கீழ எழுதுங்க. கொங்கு, மதுரை, தஞ்சாவூர், யாழ்ப்பாணம், எந்த ஊரா இருந்தாலும் சரி. வேற ஊர்ல இருந்து வந்து எங்க ஓபியில உட்காருறவங்ககிட்ட அந்த வார்த்தையிலயே கேட்டுப் பார்க்கிறேன்.