கவிழ்த்துப் பார்ப்பவர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைக் குனிய வேண்டும். மேலே எனாமல் தூக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அடுத்து, காலைப் பார்த்து வைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான் விட்டிருப்பார்கள். பித்தளை அண்டாவுக்குள் மரக் கரண்டிகள், அவற்றுக்கு அடியில் பூட்டுகள். பூட்டுக்குச் சாவி எங்கே என்றால், "ஏதாவது டப்பாவில கிடக்கும், தேடிப் பாருங்க சார்" என்பார்கள். விலைச் சீட்டு எதிலும் இருக்காது.

இத்தனையும் சுற்றுப்பட்டு வீடுகளிலிருந்து வந்தவை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவியிருக்கும் நகரத்தார் வீடுகள், பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று லேவாதேவி நடந்த காலத்தில் எழும்பியவை. பெண் பிறந்த நாளிலிருந்தே சீர்ச் சாமான் சேர்ப்பார்கள்; கல்யாணத்தில் அத்தனையையும் பரப்பி வைப்பார்கள். பிறகு அவை உள் அறைக்குப் போய்விடும். இந்தத் தெருவுக்கு வரும் அண்டாக்களில் பல அடுப்பையே பார்க்காதவை. 1930களின் பெருமந்தம், 1942இல் பர்மாவுக்குள் ஜப்பான் படை, 1963இல் அங்கே வங்கிகள் அரசுடைமை என்று வரவு ஒவ்வொன்றாக அடைபட்டது. வீடு மட்டும் நின்றது. வாரிசுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, உள் அறைகள் திறக்கத் தொடங்கின.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்த கடையின் உரிமையாளருக்கு ஒரு பழக்கம். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துவிடுவார். முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். ஒரு நீல எனாமல் கிண்ணத்தைக் கவிழ்த்து நீட்டினார். மங்கிய முத்திரை: 'மேட் இன் ஸ்வீடன்'. இன்னொன்றில் செக்கோஸ்லோவாகியா. அந்தப் பெயரில் ஒரு நாடு 1918க்கு முன் இல்லை என்பதால் கிண்ணத்தின் வயதுக்கு ஒரு மேல்வரம்பு கிடைத்துவிடுகிறது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. கீழே விழுந்தால் கண்ணாடி தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு ஏறும். அந்தத் தெறிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சிப்பி உடைந்த மாதிரி படிபடியாக விரலில் தட்டுப்பட்டது. "பெயின்ட் அடிச்சதுன்னா உரியும் சார், இப்படித் தெறிக்காது." பழைய சோப்பு விளம்பரப் பலகை என்று ஆணி ஓட்டையைச் சுற்றித் துருவையும் வரவழைத்து விற்கப்படும் புதுத் தகடுகளுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

எதை எடுத்தாலும் "பர்மா சாமான்" என்பது தெருவின் பொதுப் பல்லவி. பூப்போட்ட மங்குத் தட்டு ஒன்றுக்கும் அதே பெயர். கவிழ்த்தோம். 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தது. ஜப்பானை நேச நாடுகள் பிடியில் வைத்திருந்த 1945 முதல் 1952 வரையிலான காலத்துக்குரிய முத்திரை அது. 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பர்மாவிலிருந்து வந்தவர்களின் மூட்டையில் இது இருந்திருக்க வழியே இல்லை. போருக்குப் பின் பினாங்கிலோ கொழும்பிலோ யாரோ விலை பேசி வாங்கியிருக்கலாம். சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "பர்மான்னு சொன்னாத்தான் கையில எடுக்குறாங்க."

தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பட்டறை. பாத்திரத்தின் தலையெழுத்து உண்மையில் அங்கேதான் தீர்மானமாகிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு மேஸ்திரியும் அவருடைய அக்கா மகனும். மருமகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தில் ஒரு கூஜாவை அழுத்திக்கொண்டிருந்தான். இமைமுடி வரை கரும்பொடி. மாமா ஒரு தவலையின் சொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரும்பைக் கொடுத்து, வெளியே மரக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, உள்வாங்கிய இடம் மெல்ல வெளியே வந்தது.

ஒரு சாமான் வந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "வீட்டுக்கா, ஷோவுக்கா?"

வீட்டுக்கு என்றால் புளியும் உப்பும் போட்டுக் களிம்பை எடுத்து, தங்கமாகத் துலக்கி, உள்ளே ஈயம் பூசித் தர வேண்டும். ஷோவுக்கு என்றால் அழுக்கை மட்டும் கழுவி, கறுப்பை அப்படியே விட வேண்டும். பெங்களூரிலிருந்து வீட்டு அலங்காரத்துக்கு வாங்குபவர்களுக்கு அந்தக் கறுப்புதான் பழமை. அதைத் துலக்கிவிட்டால் விலை இறங்கிவிடும். நாற்பது வருடம் துலக்கப் பழகிய கைக்குத் துலக்காமல் விடக் கூலி தருகிறார்கள் என்பதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் இருப்பதாகப் பட்டது. எனக்கு அதுதான் கடினமான வேலையாகத் தெரிந்தது. எவ்வளவு விடுவது என்று அவர் கண் சொல்ல வேண்டும்.

ஈயம் பூசுவதைப் பார்க்க நின்றேன். பாத்திரத்தைக் கரி நெருப்பில் சுழற்றிச் சூடேற்றி, ஈயக் குச்சியை உள்ளே ஒரு இழுப்பு. நவச்சாரத் தூளைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி மூக்கை அறுத்தது. அந்தப் புகைக்குள்ளேயே பஞ்சுத் துணியால் ஒரு சுற்று. மஞ்சள் உள்புறம் வெள்ளியாகிவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சூடு மிஞ்சினால் பூச்சு கருகும், குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். இதற்கு அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. குச்சி சுத்தமானதா என்று கேட்டேன். என் காதருகே வைத்து வளைத்தார். நொறுநொறுவென்று ஒரு சத்தம். "வெள்ளீயம் கத்தும். காரீயம் கத்தாது. காரீயத்தைக் காகிதத்துல தேய்ச்சா பென்சில் மாதிரி எழுதும்." காரீயம் கலந்து பூசினால் கூலியில் மிச்சம் பிடிக்கலாம், சமைப்பவர் உடம்புக்குள் நஞ்சு போகும். பழைய ஈயப் பூச்சை நம்பிச் சமைக்கக் கூடாது, புதிதாகப் பூசித்தான் புழங்க வேண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். யார் கேட்கிறார்கள் என்பது வேறு.

சீர்ப் பாத்திரங்களில் பெரும்பாலும் முன்னெழுத்துகள் வெட்டியிருக்கும். கழுத்தை ஒட்டி, உளியால் புள்ளி புள்ளியாக. உள்ளூரில் சமையலுக்கு வாங்குபவர்கள் அடுத்த வீட்டுப் பெயர் வேண்டாம் என்று எடுத்துத் தரச் சொல்வார்களாம். "எடுத்தா தகடு மெலியும் சார். அதனால ரெட்டைக் கூலி கேட்பேன். பாதிப் பேர் வேணாம்னு போயிடுவாங்க." அவர் கேட்கும் ரெட்டைக் கூலியை நான் மனதார ஆதரிக்கிறேன்.

வீடு கலைக்கும் வியாபாரம் தனி. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பிறகே தூணும் நிலையும் கதவும் லாரி ஏறும். நூறாண்டு தாண்டிய கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பழம்பொருள் விற்க உரிமமும் வேண்டும். கிண்ணமும் தூக்கும் பெரும்பாலும் அந்த வயதை எட்டாதவை. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு பிரித்துக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டப்பட்டு நிற்கிறது. அந்த அதிர்ஷ்டம் எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லை.

நல்ல பித்தளை வரத்து குறைந்துவிட்டது என்கிறார் கடைக்காரர். இடத்தை நிரப்ப மொராதாபாத் புதுவார்ப்பு வருகிறது. அவர் கடையில் முன்வரிசையைப் பிடித்திருப்பவை வேறு: பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் கேரியர்கள், வானொலிப் பெட்டிகள், ஒரு சுமீத் மிக்ஸி. பழைய பித்தளையை எடைக்குப் போட்டு ஆச்சிமார் ஆசையாக வாங்கிய அதே எவர்சில்வர். நான் இருந்தபோது சென்னையில் காபிக் கடை வைக்கப்போகும் ஒரு இளம் ஜோடி மிக்ஸியை விலை கேட்டது.

"ஓடாதுங்க."

"ஓட வேண்டாம்ண்ணே."

டிபன் கேரியரையும் சேர்த்துக் கேட்டார்கள். அதையாவது எடைக்குத் தாருங்கள் என்றாள் அந்தப் பெண். "எடைக்கு வாங்கின சாமான்தாம்மா," என்று அவர் கேரியரைக் கவிழ்த்து அடியைக் காட்டினார், "ஆனா எடைக்குத் தர மாட்டேன்."