பால்மரத்துக் கணக்கு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி வடக்கே வந்தால், சுங்கைப்பட்டாணிக்கு அப்பால் குனோங் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறது. 1,217 மீட்டர். கடாரத்துக்குக் கப்பலோட்டி வந்தவர்களுக்குத் திசை காட்டிய மலை.

சுங்கைப்பட்டாணியில் நான் இறங்கிய இடத்தின் பெயர் பாக்கார் ஆராங்; மலாயில் ‘கரி சுடு’. அங்கே கரியும் இல்லை, புகையும் இல்லை. வரிசையாகத் தொழிற்பேட்டைக் கூரைகள். தெரிந்தவர் ஒருவர் தன் பிளாஸ்டிக் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். என் கண் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையிலேயே நின்றுவிட்டது. அதில் ஆர்டர்களைக் காணோம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்றுதான் எழுதியிருந்தது. அச்சு மாற்றவும் பழுது பார்க்கவும் தனிக் கட்டங்கள். போனில் புது ஆர்டர் வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமைதான் முடியும்” என்றார் மேற்பார்வையாளர். கேட்டவுடன் தலையாட்டியே பழகிய சிவகாசி அச்சகக்காரன் நான், வாய் பிளந்தேன்.

வாசலில் காவலுக்கு இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன்; சிரித்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்.

“இதென்ன தம்பி அதிசயம்? விடியுமுன்ன பெரட்டுல, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துல, நிப்போம். ஆளுக்கு ஒரு வெட்டு, ஐந்நூறு மரம் இருக்கும். வெயில் ஏறினா பால் நின்னுடும். அதுக்குள்ள எத்தனை மரம் முடியுமோ அத்தனைதான்.”

“விலை ஏறினா கூட வெட்டலாமே, ஐயா?”

“ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும். பேராசைப்பட்டு தினம் வெட்டுனா பட்டை வறண்டு போகும். அப்புறம் உளி வெச்சாலும் சொட்டு வராது.”

இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும்; வெயிலில் இலை நீரை ஆவியாக்க, அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். கடிகாரத்தை மரம் வைத்திருக்கிறது. மனிதன் அதற்கு ஏற்ப எழுந்துகொள்கிறான்.

இதைக் கேட்டதும் ஒரு நாவல் நினைவுக்கு வந்தது: 1984-இல் எலியாஹு கோல்ட்ராட் எழுதிய ‘தி கோல்’. காட்டுவழியில் சிறுவர்கள் வரிசையாக நடக்கிறார்கள்; மெல்ல நடக்கும் ஒரு பையனின் வேகம்தான் மொத்த வரிசையின் வேகம். தொழிற்சாலையும் அப்படித்தான் என்பது அவர் வாதம்.

என் அச்சகத்தில் அந்தப் பையன் யார்? அச்சு இயந்திரம் இல்லை, அது பறக்கும். அடித்த காலண்டர்கள் மலையாகக் குவிந்து கிடப்பது தகரம் அடிக்கும் மேசை முன்னால்தான். அந்த மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை முடியும்? இருபது வருஷமாக முதலாளி நான், எனக்கே தெரியாது.

அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டேன்.