மேலே ஏறாதே, நில்லு!

கான்ட்ரா விளையாட்டின் மூன்றாவது ஸ்டேஜ் ஒரு அருவி. முதல் ஸ்டேஜில் காட்டுக்குள் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே சுட்டவர்கள், அங்கே பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஏற ஏறத் திரையும் கூடவே ஏறும். ஏறிய திரை திரும்ப இறங்காது. இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் அவசரப்பட்டு முன்னால் தாவிவிட்டால், கீழே நிற்பவரின் பாறை திரையை விட்டுப் போய்விடும். எதிரி யாரும் சுட வேண்டாம், கல் எதுவும் உருள வேண்டாம், அவருக்கு ஒரு லைஃப் போய்விடும். "அண்ணா, மேல ஏறாத, நில்லு! நான் இன்னும் கீழ இருக்கேன்!" என்று தொண்ணூறுகளின் நடுவில் நான் போட்ட சத்தம் திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில் பத்து வீட்டுக்காவது கேட்டிருக்கும்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஆரணியில் இருந்தான். முழுப் பரீட்சை லீவுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் வருகிறான் என்றால் டிவி கேமும் வருகிறது என்று அர்த்தம். பெரியப்பா அதைச் சென்னை பர்மா பஜாரில் வாங்கியிருந்தார். அட்டைப் பெட்டியின் மேல் ஒரு பந்தயக் கார், ஒரு கராத்தே வீரர், நடுவில் பெரிய எழுத்தில் 'மீடியா'. அந்த இரண்டு படங்களுக்கும் உள்ளே இருந்த விளையாட்டுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்போது ஊரில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. பள்ளிக்கூடம் போகும் வழியில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், திரை தொங்கவிட்ட ஒரு சின்ன அறை. அரை மணிக்கு இவ்வளவு என்று காசு. உள்ளே பெஞ்சு முழுக்கப் பையன்கள். பெண் பிள்ளைகள் அங்கே போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போகலாம் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது முதல் ஸ்டேஜின் இசை மட்டும் தெருவுக்கு வரும். அதற்காகவே நான் நடையைக் குறைப்பேன். அதனால் அண்ணனின் பெட்டி எனக்கு வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. எனக்கு மூடியிருந்த ஓர் அறை லீவு நாட்களில் எங்கள் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டி, ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் என்ற கருவியின் நகல். அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதை ஓட வைக்கும் முறைதான். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் வயரைச் செருகி, டிவியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். புள்ளி மழைக்கு நடுவில் படம் தெளிந்து வரும் நொடியில், "விடு, கைய எடு!" என்று கத்த ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். படம் கோணலாக வந்தால் கேசட்டை உருவி, அடியில் வாயை வைத்து நீளமாக ஊதி, மறுபடி அழுத்துவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோகப் பட்டைகள் கெடும், அப்படிச் செய்யாதீர்கள் என்று நின்டென்டோவே எச்சரித்திருக்கிறது. உருவி மறுபடி செருகியதில்தான் படம் வந்தது. ஆனாலும் யாரும் ஊதாமல் செருகியதில்லை. ஒருமுறை அண்ணன் ஒரு கேசட்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்துவிட்டான். அத்தனை காடும் அருவியும் பனிவெளியும் உள்ளே எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தோம். பச்சைப் பலகை ஒன்று, அதன் நடுவில் குழந்தைக்கு வைத்த கன்னப் பொட்டுப் போல ஒரு கறுப்பு மெழுகு வட்டம். வேறு ஒன்றும் இல்லை. திரும்ப மூடி முடுக்கினோம், பழையபடி ஓடியது.

எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. கான்ட்ராவில் முதல் ஆட்டக்காரருக்கு நீலக் கால்சட்டை, இரண்டாம் ஆட்டக்காரருக்குச் சிவப்பு. எங்கள் டிவியில் இரண்டும் ஒரே சாம்பல். துப்பாக்கிச் சண்டை நடுவில் எது நான், எது அண்ணன் என்று தெரியாமல் போய்விடும். அதற்கு நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். குழப்பம் வந்தால் இரண்டு பேரும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு நான் மட்டும் குதிப்பேன். குதித்தவள் நான், நின்றவன் அண்ணன். ஸ்டேஜ் நடுவில் குண்டு பறந்து வந்துகொண்டிருக்க, இரண்டு வீரர்களில் ஒருவர் சும்மா நிற்பதும் ஒருவர் சும்மா குதிப்பதும் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். ஆரணி பெரியப்பா வீட்டில் கலர் டிவி வந்த பிறகுதான் அந்த வீரனின் கால்சட்டை சிவப்பு என்று பார்த்தேன். இத்தனை நாள் ஆடியது இவனைத்தானா என்று அன்றைக்கு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிமோட்டிலும் வித்தியாசம் உண்டு. ஃபேமிகாமில் இரண்டாவது ரிமோட்டுக்கு ஸ்டார்ட் பட்டன் கிடையாது. நகல் பெட்டிகளும் அப்படியே வந்தன. நிறுத்தவும் தொடரவும் முதல் ரிமோட்காரருக்குத்தான் உரிமை. எப்போதும் இரண்டாவது ரிமோட் எனக்கே. ஆனால் பறந்து வரும் உருண்டையைச் சுட்டு அதிலிருந்து 'எஸ்' எழுத்து விழுந்தால், ஐந்து குண்டு விசிறி போல் விரியும் அந்தத் துப்பாக்கியை அண்ணன் எடுக்க மாட்டான். "பாப்பா, எஸ் வருது, நீ எடுத்துக்க" என்பான். 'எல்' வந்தால் இருவருமே விலகி ஓடுவோம். லேசர் பார்க்க அழகு, ஆனால் வேகமாக அழுத்தினால் முந்தைய குண்டே காணாமல் போகும்.

மூன்று லைஃப் வைத்துக்கொண்டு எட்டு ஸ்டேஜ் முடிப்பது எங்களால் ஆகிற காரியம் இல்லை. அந்தச் சங்கடத்துக்கு ஆரணியிலிருந்தே மருந்து வந்தது. அண்ணனின் வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறியாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. தலைப்பு வரும்போது இதை அழுத்தி, இரண்டு பேர் ஆட்டத்துக்கு செலக்ட் ஒன்று சேர்த்து, ஸ்டார்ட் கொடுத்தால் முப்பது லைஃப். வாய்ப்பாட்டை விட எங்களுக்கு அது நன்றாக மனப்பாடம் ஆனது.

அந்த வரிசையை உருவாக்கியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. கான்ட்ராவை உருவாக்கிய கோனாமி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1986-ல் கிரேடியஸ் என்ற விண்கல விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க அதை அவரே ஆடியாக வேண்டும். ஆனால் அவராலேயே ஜெயிக்க முடியாத அளவு அது கடினமாக இருந்தது. அதற்காகத் தனக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி வைத்தார், அது நீக்கப்படாமல் விற்பனைக்கும் போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்து வந்த கான்ட்ராவில் அதே வரிசை முப்பது லைஃபாக மாறி, உலகம் முழுக்கப் பரவியது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்ததும் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஜப்பானில் ஒருவர் தன் வேலைச் சுமையைக் குறைத்துக்கொள்ள வைத்த வழி, ஆரணிப் பேருந்தில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. அவர் பெயர் தெரியாமலே எத்தனை பிள்ளைகள் அவரால் எட்டாவது ஸ்டேஜைப் பார்த்தோம்!

நாங்கள் அதை முடித்தது ஒரு தீபத்தன்று.

தீபத்துக்கு எங்கள் வீட்டில் நிற்க இடம் இருக்காது. போளூர் மாமா, செங்கம் அத்தை, அவர்கள் அழைத்து வந்தவர்கள், கிரிவலம் முடித்துப் பதினான்கு கிலோமீட்டர் நடந்த காலோடு திண்ணையில் சாய்ந்தவர்கள். தெருமுனையில் கடை போட்டிருப்பார்கள். வளையல், பொரி, பிளாஸ்டிக் விமானம், அந்த வருஷங்களில் புதிதாகக் கட்டம் கட்டமாகக் கல் விழும் கையடக்க பிரிக் கேம். மத்தியானமே ஆட ஆரம்பித்துவிட்டோம். அருவியைத் தாண்டினோம், பனிவெளியைத் தாண்டினோம். எட்டாவது ஸ்டேஜ் முழுக்கச் சதையும் முட்டையுமாக ஒரு வேற்றுலக உயிரின் வயிறு. அதன் கடைசியில் துடிக்கும் இதயம் இருக்கிறது என்று தோழன் சொல்லியிருந்தான். அதன் வாசலுக்கு வந்தபோது ஆயா வந்து நின்றார். மலையில் தீபம் தெரிகிற வரைக்கும் வீட்டில் எந்த வெளிச்சமும் இருக்கக் கூடாது, டிவியும் கூடாது.

கான்ட்ராவில் விட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் வசதி கிடையாது. கரண்டை நிறுத்தினால் எல்லாம் போச்சு. அண்ணன் ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைத்தான். பெட்டியின் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சேருமோ என்று எனக்குப் பயம். ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினேன். அடாப்டர் கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினோம். எங்கள் தெருவுக்கு மலை தூரத்தில் இருக்கும் காட்சி அல்ல. அண்ணாந்தால்தான் உச்சி தெரியும். ஊரே இருட்டாக, ஊரே மேலே பார்த்தபடி. கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் வெளியே வந்து போகும் அந்த ஆறு மணிக்கு உச்சியில் தீபம் எழும்பியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்ற குரல் கோயில் பக்கமிருந்து கிளம்பித் தெருத் தெருவாக எங்கள் மாடிக்கு வந்து, எங்களையும் தாண்டிப் போனது. எல்லா வீட்டிலும் அகல் ஏறியது. நான் கும்பிட்டேன். கும்பிடும்போதே கீழே கரண்ட் போய்விடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

போகவில்லை. டிவியைப் போட்டதும் இரண்டு வீரர்களும் விட்ட இடத்திலேயே, ஒருவன் நின்றபடியும் ஒருவன் அந்தரத்தில் தாவியபடியும் இருந்தார்கள். இந்த முறை கூடம் நிறைய ஆட்கள். மாமா பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் சுடு, சுடு" என்கிறார். அத்தைக்கு எது எதிரி என்றே தெரியாது, ஆனாலும் பதறுகிறார். ஆயா கடைசியில் வந்து உட்கார்ந்தார். இதயம் வெடித்தபோது அண்ணனுக்கு இரண்டு லைஃப் மிச்சம், எனக்கு ஒன்று. ஹெலிகாப்டர் கிளம்பியது, தீவு வெடித்தது, ஆங்கிலத்தில் பெயர்கள் ஓடின. இயக்கியவர் என்ற இடத்தில் 'உமேசான்' என்று இருந்தது. நம்ம ஊர் ஆள் யாரோ உமேஷ் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அதை மறுத்துச் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது.

பல வருஷம் கழித்து ஜப்பானில் விற்ற அசல் ஃபேமிகாம் கான்ட்ராவைப் பார்த்தேன். அதில் கதை சொல்லும் காட்சிகள் உண்டு. கதை 2633-ல், நியூசிலாந்துக்கு அருகே கலுகா என்ற கற்பனைத் தீவுக் கூட்டத்தில் நடக்கிறது. கேசட்டுக்குள் கோனாமி கூடுதலாக ஒரு சில்லு வைத்திருந்ததால் முதல் ஸ்டேஜ் மரங்களின் ஓலை காற்றில் அசைகிறது, ஐந்தாவது ஸ்டேஜில் பனி கொட்டுகிறது. அமெரிக்காவுக்குப் போன கேசட்டில் அவை இல்லை. எங்களிடம் வந்ததிலும் இல்லை. எங்கள் மரங்கள் அசையவே இல்லை, எங்கள் பனிவெளியில் பனி விழவே இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அசையாத மரங்களுக்கு நடுவில்தான் எங்களுக்கு அவ்வளவு வேகம் இருந்தது. நிறமே இல்லாமல் ஆடியவர்களுக்கு ஓலை அசையாதது ஒரு குறையா?

கோனாமி 2019-ல் பழைய கான்ட்ராக்களைத் தொகுத்து வெளியிட்டது. 2024-ல் ஆபரேஷன் கலுகா என்று முதல் கதையையே புதிதாக வரைந்து கொண்டுவந்தார்கள். ஆகவே அசலுக்கு ஆபத்தில்லை. அழிந்துகொண்டிருப்பது நாம் ஆடியது. 'ஒன்றில் ஆயிரம்' என்று லேபிள் ஒட்டி, உள்ளே பத்துப் பதினைந்து விளையாட்டையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கிய அந்த மஞ்சள் கேசட்டுகள். அவற்றின் எழுத்துப் பிழையோடு கூடிய மெனு. பின்னணியில் நகல் எடுத்தவர்களே சேர்த்த கடல், பறவை, இசை. யார் செய்தார்கள், எந்த ஊர்ப் பட்டறையில் செய்தார்கள் என்ற குறிப்பு எதிலும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை கான்ட்ராவை ஆடியது அவற்றின் வழியாகத்தான், கோனாமியின் பெட்டி வழியாக அல்ல. அண்ணனின் பெட்டி வீடு மாறும்போது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மாதிரிக் கடைகளில் நின்று கேட்டுப் பார்க்கிறேன். டிவி வந்து குவிகிறது, கேசட் வருவதில்லை. பரணில் யாரிடமாவது ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடவில்லை என்றாலும் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். ஓடினால் அந்த மெனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எடுத்து வையுங்கள்.