அந்த ஒரு ‘டக்’

தம்பி, போன சனிக்கிழமை நீ வாகனத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினபோது உள்ளே ஒரு ‘டக்’ கேட்டது. குசினிக்குள் நின்ற எனக்கே கேட்டது. நீ இறங்கி வந்து, “சீற் கொஞ்சம் ஆடுது பெரியப்பா. எனக்குப் பழகிட்டுது” என்றாய். சீற் ஆடினால் பூட்டலாம். ‘பழகிட்டுது’ என்ற அந்தச் சொல்தான் அன்றிரவு என் நித்திரையைக் கெடுத்தது. அதே சீற்றில் இருந்துகொண்டு அதே சொல்லை நானும் ஆறு வருடம் சொன்னவன்.

அந்தப் புல்லி வான் 1987இல் ஹனோவரில் செய்தது. ஃபோக்ஸ்வாகன் அந்த மூன்றாம் தலைமுறையை அங்கே 1979 முதல் 1990 வரை செய்தது. உள்ளே இருக்கும் கட்டில், அடுப்பு, தூக்கினால் கூடாரமாக நிற்கும் கூரை எல்லாம் வெஸ்ட்பாலியா நிறுவனத்தின் கைவேலை. நான் வாங்கியது 1998இல். உன் அக்காமார் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒல்லாந்துக் கடற்கரையைப் பார்த்தது அதில். ஹாம் அம்மன் கோயில் தேருக்குப் போய், வரும் வழியில் பெரியம்மா புளிச்சாதம் பரிமாறியதும் அதில்தான். முப்பது வயது கடந்து, பழைய வாகனத்துக்கான ‘ஹா’ இலக்கத்தகடு கிடைத்த பிறகுதான் உன் கையில் தந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் சீற் ஆடியபோது நான் செய்தது என்ன தெரியுமா? தானியப் பெட்டி அட்டை ஒன்றை நாலாக மடித்துச் சீற்றுக்கும் றெயிலுக்கும் இடையில் செருகினேன். சத்தம் நின்றது. ஆறு மாதத்தில் அட்டை நசிந்தது, வேறொன்று செருகினேன். பிறகு மரக்கறி வெட்டும் பிளாஸ்ரிக் பலகையின் மூலையை அறுத்து வைத்தேன். பெரியம்மா இன்றைக்கும் அந்தப் பலகையைச் சொல்லிக் காட்டுவா.

ஒருநாள் சோவர்லாண்ட் பக்கம் ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். பச்சை விழுந்தது. கிளச்சை மிதித்தபடி கியரைப் போட்டேன். சீற் என்னையும் கொண்டு பின்னால் போய்விட்டது. கால் கிளச்சை விட்டது, வாகனம் ஒரு துள்ளுத் துள்ளி நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் நின்றவன் விடாமல் ஹோர்ன் அடிக்கிறான். கைபிரேக்கை எப்படி இழுத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் செருகிய பலகை சீற்றைக் கொஞ்சம் கிளப்பிவிட்டது. அதனால் பூட்டும் பல் குழிக்குள் முழுதாக இறங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்த வைத்த முட்டுத்தான் பூட்டைத் திறந்து வைத்தது. அந்த வாகனத்தில் எஞ்சின் பின்னால் என்பதை மறந்துவிடாதே. முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடும் கண்ணாடியும்தான்.

முட்டுக் கொடுப்பது தப்பென்று நான் சொல்லமாட்டேன். நான் 1986இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவன். முகாமில் ஒரு அறையில் ஆறுபேர். விசாவை மாதக்கணக்கில்தான் நீட்டித் தருவார்கள். ‘அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவம்’ என்பதுதான் எல்லார் வாயிலும். அதனால் நல்ல மேசை வாங்கவில்லை. தெருவில் போட்டிருந்ததை எடுத்துக் கால் ஒன்றுக்குக் கடதாசி மடித்து வைத்தோம். டொச் படிக்கவில்லை, கடைக்குப் போதுமான இருபது சொல் போதும் என்றிருந்தோம். அந்த நேரத்துக்கு அது சரி. கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் என்னைவிட நன்றாக டொச் கதைக்கத் தொடங்கிய பிறகும் நான் அந்த இருபது சொல்லோடு நின்றேனே, அதுதான் பிழை. முட்டு என்பது மறந்துபோய், அதையே மேசையின் காலென்று நினைத்துவிட்டேன். கராஜில் வேலை பழக முறையாகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. பக்கத்து வாங்கில் இருந்தவனுக்குப் பதினேழு.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்த எடுப்பிலேயே போனில் வீடியோ பார்த்துவிட்டு, “றெயிலை வெட்டி வெல்ட் பண்ணுவம்” என்றாய். உன்னைச் சீற்றுக்குள் ஏற்றி முன்னும் பின்னும் அசையச் சொல்லி, நான் முட்டியில் இருந்து ஒவ்வொரு பொருத்திலும் விரலை வைத்துப் பார்த்தது அதனால்தான். சத்தம் ஒரு இடத்தில் பிறந்து இன்னொரு இடத்தில் கேட்கும். காதை நம்பினால் நல்ல இரும்பை வெட்டுவாய். தளத்துக்கும் சீற் நிற்கும் பெட்டிக்கும் இடையில் அசைவில்லை. பெட்டிக்கும் றெயிலுக்கும் இடையிலும் இல்லை. றெயிலுக்கும் சீற்றுக்கும் இடையில்தான் என் விரல் நகம் நசிந்தது.

பிறகு சீற்றை முன்னால் கடைசிவரை தள்ளி, தடுத்து நிற்கும் கொளுக்கியைத் திருப்புளியால் அமுக்கிக் கழற்றினோம். அடியில் மார்க் காலத்துப் பத்துப் பெனிக் காசு ஒன்று, விபூதிப் பொட்டலம் ஒன்று, சின்னவளின் தலைக்கிளிப் இரண்டு. நீ சிரித்தாய். நான் றெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரமெல்லாம் மண்ணிறக் கறள். ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கண்ணாடி மாதிரி மினுக்கம். அந்த மினுக்கத்தைக் காட்டி, “இது நல்லாத்தானே இருக்கு” என்றாய். கறள் பிடித்த இடத்தில் ஒன்றும் உரசவில்லை, தம்பி. மினுங்கும் இடம்தான் தேய்கிற இடம். சீற்றின் அடியில் வழுக்கிப்போக வைத்த பிளாஸ்ரிக் துண்டுகளில் இரண்டு வெடித்திருந்தன, ஒன்று காணவே இல்லை. இருந்த காலம் வரைக்கும் அது தன் வேலையைச் செய்தது. அது போன பிறகு இரும்பும் இரும்பும் நேரே உரசத் தொடங்கிவிட்டன.

பழைய கிறீஸைத் துடைக்கச் சொன்னபோது உனக்குச் சலிப்பு. விரலால் தேய்த்துப் பார் என்றேன், நறநறவென்றது. ஒல்லாந்துக் கடற்கரை மணல் முழுக்க அதற்குள். கிறீஸும் மணலும் சேர்ந்தால் அராவும் பசை. ஓடாவிட்டால் இன்னும் கொஞ்சம் பூசு என்று வருடாவருடம் பூசினவனும் நான்தான். இனி அங்கே கிறீஸ் வேண்டாம்; ஈரம் ஒட்டாத சிலிக்கோன் போதும்.

விரிந்திருந்த றெயில் வாயைக் குறட்டால் நெரிக்கப் போனாயே, அதையும் தடுத்தேன். ஒருமுறை வளைந்த இரும்பைத் திருப்பி வளைத்தால் அந்த மடிப்பு பலம் இழக்கும். பிறகொரு நாள் அங்கேதான் வெடிக்கும். முதலில் புதுத் துண்டுகளைப் போட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால், தேயாத றெயிலோடு சீற்றையே தேடி எடுப்போம்.

இனி பெரியம்மா இருக்கும் பக்கம். அது சுழலும் சீற். தேத்தண்ணி ஊற்றும்போது பின்னால் திருப்பிவைத்துக்கொண்டு இருப்பா. அதற்கு அடியில்தான் எஞ்சினை ஸ்ராட் பண்ணும் பற்றரி. அமிலம் கசிந்தால் முதலில் தின்பது சீற் நிற்கும் அந்தப் பெட்டியை. 2009இல் நான் அதன் மூலை ஒன்றை வெட்டி ஒட்டினேன். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்: நல்ல தகடு மணிபோல் கேட்கும், உக்கியது பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருக்கும். வெட்டத் தொடங்கியபோது உள்ளங்கை அளவு ஓட்டை என்று நினைத்தேன். மணிச் சத்தம் வரும்வரை வெட்டினால் ஒரு தட்டு அளவு வந்தது. உக்கிய விளிம்பில் புதுத்தகட்டை வைத்து ஒட்டினால் நெருப்புப் பட்டதும் அந்த விளிம்பே உருகி ஓடும்.

இன்னொன்று, இதை வீடியோக்காரர் சொன்னாரோ தெரியாது. அந்த வகைப் புல்லியில் பெற்றோல் தாங்கி முன் சீற்றுகளுக்கு நேர் கீழே. வெல்ட் பண்ண முதல் பற்றரி வயரைக் கழற்றினால் மட்டும் போதாது. தாங்கியை இறக்கி வாகனத்துக்கு வெளியே, தூரக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வெறுந் தாங்கி என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட ஆவி நிரம்பிய வெறுந் தாங்கிதான் பொல்லாதது. தாங்கியை இறக்க எனக்கு அரை நாள், ஒட்ட ஒரு மணித்தியாலம். அதையும் ஒரேயடியாக இழுக்கவில்லை: ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே, ஆறவிட்டு மறுபடி. மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்த பெட்டியில் சீற் நேராக நிற்காது.

அந்த ஒட்டு இப்போது எப்படி இருக்கிறதென்று பார்க்கவில்லை. பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. பற்றரியைத் தூக்கிவிட்டு அப்பச்சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுவோம். பொங்கினால் அமிலம் இன்னும் இருக்கிறது.

வழுக்கித் துண்டுகள் வியாழக்கிழமை தபாலில் வருமாம். நீ சனிக்கிழமை காலை வா, மத்தியானம் வேண்டாம், வெளிச்சம் போய்விடும். வரும்போது அப்பச்சோடா ஒரு பக்கற் வாங்கிவா. வீட்டில் இருப்பதை எடுத்தால் பெரியம்மா பலகைக் கதையை மறுபடி தொடங்குவா.