கூண்டிற்கு வெளியே நீந்தும் மீன்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் நாம் உழும் மண்ணில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியாய்க் கிடந்ததே. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலுயிர்களின் கல்லுருவங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். விலகிப்போன அக்கடலைத் தேடிச் செல்வதுபோல், எம் பங்கின் உழவர் சிலருடன் இராமேசுவரம் செல்லும் வழியில் மண்டபத்தில் இறங்கினேன்.

1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று அங்குள்ளது. 'கடல் விரால்' என்னும் மீனை 2010-இல் அங்கே வளர்ப்பு நிலையில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தனர். ஏரி விராலையே அறிந்த எம்மவருக்கு அப்பெயரே வியப்பளித்தது. அக்குஞ்சுகளை மீனவர் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வளர்க்கின்றனர். கூண்டு வட்டமானது, ஆறு மீட்டர் குறுக்களவுடையது. ஏழெட்டு மாதங்களில் ஒரு மீன் இரண்டு, மூன்று கிலோ எடை காணும்.

படகில் சென்று கூண்டருகே நின்றோம். நறுக்கிய சிறுமீன்களை இரையாக வீசியதும் உள்ளே நீர் கொதித்தெழுந்தது. எம் கண்களை ஈர்த்ததோ வெளியே நிகழ்ந்தது. வலைக்கண் வழியே நழுவிய துணுக்குகளைக் கவ்வ, எவரும் வளர்க்காத மீன்கள் திரண்டு நின்றன. கூண்டின் நிழலும், வலையில் படர்ந்த பாசியும், சிந்திய இரையும் அவற்றை அழைக்கின்றன.

"வெளியே நிற்பவை யாருடைய மீன்?" என்று வினவினார் நெல் விவசாயி ஒருவர்.

"பிடிப்பவனுக்குத்தான் ஐயா. இரை வாங்கிய கடன் மட்டும் எங்களுக்கு" என்றார் படகோட்டி.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. சிந்திய இரையை அம்மீன்கள் உண்பதால் கடலடியில் கழிவு குறைகிறது, இது நன்மையே. எனினும் உள்ளிருப்பவற்றின் நோய் வெளியே பரவவும், வெளியிலுள்ளது உள்ளே புகவும் கூடும். நார்வே நாட்டில் சால்மன் கூண்டுகளைச் சுற்றிக் கொழுத்த காட்டுமீனின் சதை தரங்கெடுகிறதென மீனவர் முறையிட்டதுண்டு. மேலும், ஓரிடத்தில் குவிந்த மீனை ஒரே வலையில் அள்ளிவிடலாம். எனவே கூண்டருகே மீன்பிடிப்பைத் தடுத்தல் நன்றென்று மத்தியதரைக் கடலில் ஆய்ந்தோர் கருதினர். அப்படித் தடுத்தால், அங்கே தூண்டில் போட்டு அன்றாடம் பிழைக்கும் ஏழை மீனவனுக்கு என்ன வழி என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

திரும்பும் வழியில், 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நம் கரைவெட்டி ஏரிக்கரையில் சற்று நின்றோம். பறவைகளை நோக்கியவாறே அவ்விவசாயி சொன்னார்: "சாமி, களத்தில் சிந்திய நெல்லுக்குக் குருவி வரும், அதற்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் அக்குருவிக்குக் கண்ணி வைப்பவனைக் களத்தில் நாம் விடுவதுமில்லை."

கடலிலும் அத்தகையதொரு கட்டுப்பாடு வேண்டும். அதனைக் கூண்டு வைத்தவரும் தூண்டிலிடுபவரும் கூடியிருந்து பேசி வகுத்துக்கொள்வதே முறை.