கேமராவின் மேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கேமரா வந்ததும் ஓவியனுக்குப் பிழைப்பு போயிற்று, அதனால்தான் கோடும் வட்டமுமாகக் கிறுக்க ஆரம்பித்தான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். கேமரா வந்து எழுபது வருஷம் கழித்துத்தானடா அந்தப் படங்களே வந்தன! பிழைப்பு போனவன் அவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தானாம்?

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியை எடுத்துக்கொள். மாஸ்கோவில் சட்டம் படித்தவர். பேராசிரியர் வேலை தேடி வந்தபோது அதை உதறிவிட்டு, முப்பது வயதை ஒட்டி, ஓவியம் கற்க மியூனிக் போனார். அங்கே ஒருநாள் அந்தி மசங்கும் நேரத்தில் தன் ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தால், சுவரோரம் ஒரு படம். என்ன படம் என்றே தெரியவில்லை, அழகு மட்டும் ஆளை அசத்துகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அவர் வரைந்ததுதான், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் அதே மாதிரி பார்க்க முயன்றார். பொருள்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன, அந்த மயக்கம் முழுசாக வரவில்லை. படத்தில் இருக்கும் பொருள்தான் படத்தைக் கெடுக்கிறது என்று அப்போது பட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ஒரு படம் தீட்டினார். படத்தின் பெரும்பகுதியை மஞ்சள் அடைத்துக்கொண்டிருக்கும். மேல்பக்கம் கறுப்பாக ஒரு பெரிய திட்டு, அது பியானோ. கேட்க வந்த கூட்டம் வெறும் வளைகோடுகள். இசை எந்தப் பொருளையும் காட்டாமலே உள்ளே இறங்குகிறதே, நிறத்தால் மட்டும் ஏன் முடியாது? அவரைக் குடைந்த கேள்வி இதுதான்.

இதில் சென்னை அடையாறுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் நம்புவாயா? பின்னாளில் அங்கே பிரம்மஞான சபைத் தலைவியாக இருந்த அன்னி பெசன்ட், அதே சபையைச் சேர்ந்த லெட்பீட்டரோடு சேர்ந்து எண்ணங்களின் வடிவம் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கோபத்துக்கும் பாசத்துக்கும் நிறம் உண்டு, உருவம் உண்டு என்று வண்ணப் படங்களோடு. பொறாமை அதில் பாம்பாகவே நெளியும். தேவாலயத்துக்கு மேலே வாக்னரின் இசை மலைமலையாக எழும்பி நிற்கும். காண்டின்ஸ்கி தன் புத்தகத்தில் சபையை மரியாதையோடு குறிப்பிடுகிறார். ஓவியர் மாண்ட்ரியான் 1909இல் ஹாலந்தில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டார். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்கிற பெண் இவர்களுக்கெல்லாம் முந்தி, 1907இலேயே, மூன்று மீட்டருக்கு மேல் உயரத்தில் பத்துப் படங்கள் வரைந்து முடித்தாள். தான் செத்து இருபது வருஷம் வரை அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் பெயர் நமக்குத் தாமதமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

எனக்கு இந்தச் சபை, ஆவி சமாச்சாரத்தில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனால் இவர்கள் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது, அதைத்தான் வரைகிறோம் என்று. ஓவியர் மாலெவிச்சின் கறுப்புச் சதுரத்தைக் கேலி செய்திருந்தாயே, 1915இல் பெத்ரோகிராட் கண்காட்சியில் அதை எங்கே மாட்டினார் தெரியுமா? ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கிற மேல் மூலையில். கேமராவோடு மல்லுக்கு நிற்பவன் அங்கேயா கொண்டுபோய் மாட்டுவான்?

மிச்சச் சண்டையைப் பொங்கலுக்கு வரும்போது வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ போன் செய்வதில்லை என்று குறைப்படுகிறாள், மறக்காமல் பேசு.

அன்புடன்,
அக்கா