தறி குடியிருக்கும் வீடு

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையில், தாமிரபரணி நீரால் செழித்த வயல்களுக்கிடையே அமைந்துள்ள ஊர் பத்தமடை. இவ்வூர்க் கோரைப்பாய்களுக்கு 2012-13ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமக்களின் பெயர்களை நெய்து தரும் திருமணப் பாய்களை நம்மில் அறியாதார் சிலரே.

அத்தகைய பாய் ஒன்றுக்குச் சொல்லிவைக்கச் சென்ற ஆண்டு மனைவியுடன் அங்குச் சென்றேன். எங்களை அழைத்துச் சென்றது ஒரு சிறிய வீட்டுக்கு. நான் திண்ணையில் அமர்ந்தேன். மனைவி உள்ளே சென்றாள். இங்கே பாய் நெய்வோரில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கின்றனர். நுண்ணிய பாய் முடிய வாரக்கணக்காகும்.

"வீட்டிலிருந்தபடியே வருமானம், நல்ல வசதிதான்" என்றேன்.

கதவுக்கு அப்பாலிருந்து முதிய பெண்மணி மறுமொழி கூறினார்: "வசதிதான் ஹஜ்ரத். ஆனா, தறி வீட்டுக்குள்ளேயே இருந்தா வேலை எப்ப முடிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? சோறு வடிச்சிட்டு உக்காருவோம்; புள்ள அழுதா எந்திரிப்போம்; மறுபடியும் உக்காருவோம்."

ஒரு கல்யாண மாதத்தில் இரவும் பகலும் நெய்தாராம். அதே அறையில் படுத்திருந்த மகளுக்குக் காய்ச்சல் கண்டது விடிந்த பிறகே தெரிந்ததாம். அன்று முதல் மஃரிபுக்குப் பின் அவ்வீட்டில் எவரும் தறியைத் தொடுவதில்லை.

"கூலி குறையுமே?"

"குறையத்தான் செய்யும்" என்றார் அவர். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் என் மகனை எண்ணிக்கொண்டேன். 2020இல் கொரோனாக் காலத்தில் அவனது அலுவலகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது, இன்னும் வெளியேறவில்லை. பயண அலைச்சல் ஒழிந்தது உண்மை. ஆனால் உணவுத் தட்டின் அருகிலும் கணினி, பேரன் கூப்பிட்டால், "கொஞ்சம் பொறு."

வீட்டுக்குள் வேலை வருவது தவறன்று; பல குடும்பங்களுக்கு அதுவே அன்னம். ஆயினும் ஆலைக்குச் சங்கு உண்டு. அலுவலகத்துக்குப் பூட்டு உண்டு. வீட்டுக்குள் வந்த வேலைக்கு நாமே எல்லை வகுத்தாக வேண்டும். அதற்கொரு விலையும் உண்டு. பத்தமடையின் ஓர் எளிய தாய் அந்த விலையை நாள்தோறும் தம் கூலியிலிருந்தே கொடுத்து வருகிறார். மாதச் சம்பளம் பெறும் நம் வீடுகளால் இயலாதா?